நடுராத்திரியில் கேப்டனை எழுப்புகிற வேலை

பொங்கல் விழாவோ கல்யாண வரவேற்போ, நியூஜெர்சி பக்கம் நம்மவர்கள் கூடுகிற இடங்களில் யாராவது ஒரு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது. "பையன் நேவியில சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். நீ அங்க ஆபீசரா இருந்தவதானேம்மா, அப்படி என்னதான் வேலை அது?" என்பார். சண்டைக்கு அனுப்புவார்களா என்பதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார். அதற்கு யாராலும் உறுதி தர முடியாது. ஆனால் வேலை என்ன என்று சொல்ல முடியும். ஒன்றும் தெரியாத வயதில் பெரிய பொறுப்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று உரிய நேரத்தில், உரிய ஆளிடம், வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவர் அங்கே தேறுவார். மற்ற திறமைகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அமெரிக்க நேவியில் நான் இருந்தது போர்க்கப்பல் அதிகாரிகள் பிரிவில். விமானிகள், நீர்மூழ்கிக்காரர்கள், டாக்டர்கள் எல்லாருக்கும் பாதை வேறு. அதனால் நான் சொல்வதை டெஸ்ட்ராயர் மாதிரிக் கப்பல்களில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரியாகச் சேர மூன்று வாசல்கள் உண்டு. மேரிலாந்தில் அனாபொலிஸ் நேவல் அகாடமி. அங்கே படிப்பு இலவசம், ஆனால் உங்கள் பகுதி காங்கிரஸ் உறுப்பினரோ செனட்டரோ பரிந்துரைக்க வேண்டும், படித்து முடித்ததும் குறைந்தது 5 ஆண்டு பணி. இரண்டாவது, வழக்கமான பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே செய்கிற ஆர்ஓடிசி என்ற அதிகாரிப் பயிற்சி. மூன்றாவது, பட்டம் வாங்கிய பிறகு ரோட் ஐலண்ட் மாநிலம் நியூபோர்ட்டில் இருக்கும் அதிகாரிப் பயிற்சிப் பள்ளி. நான் மூன்றாவது வாசல். மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை, அமெரிக்கக் குடியுரிமை. கிரீன் கார்டு இருந்தால் சாதாரண மாலுமியாகச் சேரலாம், அதிகாரியாக முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் ஆட்சேர்ப்பு அலுவலகத்துக்கு நடந்த நம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

குடியுரிமைக்கு அப்புறம் பெரிய தலைவலி பாதுகாப்பு அனுமதிக்கான படிவம். வெளிநாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர்கள், கடந்த 7 ஆண்டுகளின் வெளிநாட்டுப் பயணங்கள், அங்கே உங்கள் பேரில் உள்ள கணக்கு, நிலம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். நம் வீடுகளில் பாட்டி பேத்தி பெயரில் போட்டு வைத்த டெபாசிட் ஒன்று கட்டாயம் இருக்கும். அதையும் எழுதுங்கள். இந்தியாவில் சொந்தம் இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே ஒரு நோட்டில் தேதி, முகவரி, பாஸ்போர்ட் முத்திரைகளை எல்லாம் குறித்து வைக்கத் தொடங்கினால் பின்னால் மண்டை காயாது.

2014இல் நான் போனபோது நியூபோர்ட் பயிற்சி 12 வாரம். அம்மா, "மெக்கானிக்கல் இஞ்சினியரிங் படிச்சிட்டு கப்பல் கழுவப் போறியாடி?" என்று கேட்டதற்கு அப்பா பேப்பரை மடக்கிவிட்டு எழுந்து போனார். பயிற்சியில் மரைன் டிரில் இன்ஸ்ட்ரக்டர்கள் கத்துவார்கள், நாம் ஓடுவோம், அதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நீச்சல் தெரியாமல் வராதீர்கள், அவ்வளவுதான். உயரத்திலிருந்து குதித்து, நீந்தி, முகம் குப்புற மிதந்து காட்ட வேண்டும். நம் பிள்ளைகள் திணறுவது அங்கேதான். ஊர் நீச்சல் குளத்தில் ஒரு கோடை விடுமுறை போதும்.

கடைசி நாள் மட்டும் மறக்காது. பதவி ஏற்றதும் முதல் சல்யூட் வைக்கும் மாலுமிக்கு ஒரு வெள்ளி டாலர் கொடுப்பது பழைய வழக்கம். அதுவரை என்னைப் பெயர் சொல்லிக்கூட அழைக்காத டிரில் இன்ஸ்ட்ரக்டர் விறைப்பாக நின்று எனக்கு சல்யூட் வைத்து "மேம்" என்றார். பதினைந்து வருடம் வேலை தெரிந்தவர், ஒன்றும் தெரியாதவளுக்குச் சல்யூட் வைக்கிறார். அந்த விசித்திரம் அப்புறம் கப்பலிலும் தினம் தினம் தொடர்ந்தது.

என் முதல் கப்பல் சான் டியேகோவைத் தளமாகக் கொண்ட ஆர்லி பர்க் வகை டெஸ்ட்ராயர். சுமார் 9,000 டன், நான்கு கேஸ் டர்பைன்கள், 300 பேர் அளவில் ஆட்கள். பெண்கள் போர்க்கப்பலில் பணியாற்றுவதற்கு இருந்த சட்டத் தடை 1993இல்தான் நீங்கியது; நான் போகும்போது இருபது வருடம் ஆகிவிட்டதால் என்னை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. சைவம் சாப்பிடுகிறவள் என்பதைத்தான் அதிசயமாகப் பார்த்தார்கள். அதிகாரிகள் உணவறையான வார்ட்ரூமில் நம் சாப்பாட்டுக்கு நாமே காசு கட்டுகிறோம் என்பதால் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு. அதையும் மீறி ஊறுகாய் பாட்டில் இல்லாமல் கடலுக்குப் போனதில்லை.

எனக்குக் கொடுத்த பிரிவுக்கு ஏ-கேங் என்று பெயர். குளிரூட்டும் யந்திரங்கள், கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிகள், சின்னப் படகுகளின் இன்ஜின்கள், ஸ்டியரிங் ஹைட்ராலிக் என்று இந்த வேலை எல்லாம் இங்கேதான். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் வானிலிருந்து வரும் ஆபத்தைக் கண்காணிக்கும் ஈஜிஸ் ரேடாரும் அதன் கணினிகளும் குளிர்ந்த நீர் ஓடினால்தான் வேலை செய்யும். பாரசீக வளைகுடாவில், கோடையில் கடல்நீரே வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு குளிரூட்டி நின்றால் கேப்டன் முகம் மாறும்.

அந்தப் பிரிவை உண்மையில் நடத்தியவர் எங்கள் சீஃப். சீஃப் பெட்டி ஆபீசர் என்ற பதவி 1893இலிருந்து இருக்கிறது. அமெரிக்க நேவியின் முதுகெலும்பு அதுதான் என்று எல்லாரும் சொல்வார்கள், அதில் பொய் இல்லை. தரவரிசையில் எனக்குக் கீழே, அறிவில் எனக்கு மிக மேலே. முதல் வாரமே என்னிடம் சொன்னார்: "மேம், என்கிட்ட எந்தக் கேள்வி வேணும்னாலும் கேளுங்க. பசங்க முன்னாடி மட்டும் வேண்டாம். அங்க நாம ரெண்டு பேரும் ஒண்ணு." அன்றிலிருந்து காலை அணிவகுப்புக்கு முன்னால் அவருடைய மேசைப் பக்கம் ஒரு காப்பி எங்களுக்கு வழக்கமானது. அதில் நான் கேட்டதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். வால்வைத் திறப்பதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதிலிருந்து, மனைவி விவாகரத்து கேட்கும் பையனிடம் என்ன பேசுவது என்பது வரை.

அவர் கற்றுக்கொடுத்ததில் இப்போதைய வேலையிலும் உதவுவது ஒன்று உண்டு. பம்ப் ஒன்று பழுதாகி, கேப்டன் கூட்டத்தில் எப்போது சரியாகும் என்று கேட்கப் போகிறார் என்று தெரிந்து நான் மணிக்கணக்கைத் தயார் செய்துகொண்டிருந்தேன். சீஃப் தடுத்தார். "எப்போ சரியாகும்னு இப்ப நமக்குத் தெரியாது. அதனால அந்த நேரத்தைச் சொல்லாதீங்க. மறுபடி எப்போ வந்து தகவல் சொல்வீங்கன்னு சொல்லுங்க, அதைக் காப்பாத்துங்க." அப்படியே சொன்னேன். இரண்டு மணிக்கு வருகிறேன் என்றால் இரண்டு மணிக்கு நின்றேன், சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லாதபோதும். கேப்டன் அதற்கப்புறம் என்னைத் துருவவில்லை. அனாபொலிஸில் முதலாண்டு மாணவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒருசில பதில்களில் "கண்டுபிடித்துச் சொல்கிறேன், சார்" என்பது ஒன்று. அதைச் சொன்னதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது என்பது எனக்குச் சீஃப் வழியாகத்தான் புரிந்தது.

மாலுமிகள் விஷயத்தில் இன்னொன்று. பிரிவு அதிகாரி என்றால் பாதி நேரம் குடும்ப ஆலோசகர். பத்தொன்பது வயதுப் பையன், முதல் சம்பளம், தளத்து வாசலுக்கு எதிரிலேயே கார் கடை. தலைக்குமேல் வட்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவான். அவனைத் திட்டிப் பயனில்லை. கூட உட்கார்ந்து ஒப்பந்தத்தைப் படியுங்கள். 1904இல் தொடங்கிய நேவி-மரைன் கோர் ரிலீஃப் சொசைட்டி என்ற அமைப்பு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறது. அந்த அலுவலகத்துக்கு வழி தெரிந்த அதிகாரியை மாலுமிகள் மறக்க மாட்டார்கள்.

இனி பிரிட்ஜ். கப்பலை ஓட்டும் மேடை. நேவி அதிகாரி என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அங்கே இருட்டில் நின்ற மணிநேரங்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. கப்பலின் பொறுப்பு அந்த நேரத்தில் டெக் ஆபீசர் கையில். கேப்டன் கீழே தூங்குகிறார், மற்றவர்களும் உங்களை நம்பித் தூங்குகிறார்கள். உங்களுக்கு வயது இருபத்தைந்து.

கட்டளை கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வலது பதினைந்து டிகிரி என்று நான் சொன்னால் சுக்கான் பிடிப்பவர் அதையே திருப்பிச் சொல்லி, செய்து, செய்தாயிற்று என்று மறுபடி சொல்வார். திசையை எண் எண்ணாகப் பிரித்துச் சொல்வோம். நம் உச்சரிப்பு பற்றிப் பயப்படும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், இந்த முறை நமக்கு வரம். யாருடைய ஆங்கிலமும் அங்கே சொந்த ஆங்கிலமாக இருப்பதில்லை, எல்லாருமே ஒரே வாக்கியங்களைத்தான் பேசுகிறார்கள். நிதானமும் சத்தமும் இருந்தால் போதும்.

ஒவ்வொரு கேப்டனும் நிலையான உத்தரவுகள் என்று ஒரு கட்டு எழுதிக் கொடுப்பார். இன்னின்ன சூழ்நிலையில் என்னைக் கூப்பிடு என்று அதில் இருக்கும். வேறொரு கப்பல் இத்தனை தூரத்துக்குள் கடக்கப் போகிறது என்றால் கூப்பிடு. பார்வை மங்கினால் கூப்பிடு. சந்தேகம் வந்தால் கூப்பிடு. இதற்குமேல் ஒவ்வோர் இரவும் தனியாக இரவு உத்தரவு எழுதுவார், நாங்கள் ஒவ்வொருவரும் படித்துக் கையெழுத்துப் போடுவோம். படிக்க எளிது. மலாக்கா ஜலசந்தியில் அதிகாலை மூன்று மணிக்கு, ரேடாரில் எங்கு பார்த்தாலும் புள்ளிகள், மீன்பிடிப் படகுகள் விளக்கே இல்லாமல் குறுக்கே வரும்போது, அரை மணி நேரத்துக்கு முன்புதான் எழுப்பிய மனிதரை மறுபடி எழுப்ப வேண்டுமா என்று கை தயங்கும். பெரியவர்களைத் தொந்தரவு செய்யாதே என்று சொல்லியே வளர்க்கப்பட்ட நமக்குக் கூடுதலாகத் தயங்கும்.

எனக்கு உதவியது, பேசவேண்டியதை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டது. எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எப்போது மிக அருகே வரும், விதிப்படி யார் விலக வேண்டும், நான் என்ன செய்யப்போகிறேன். இந்த ஐந்தும் இருந்தால் அரைத் தூக்கத்தில் இருப்பவர்கூட "வெரி வெல்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைக்கலாம், அல்லது செருப்பை மாட்டிக்கொண்டு மேலே ஓடி வரலாம். கடைசி வரி முக்கியம். பிரச்சினையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர் முழுதாக விழிக்க வேண்டியிருக்கும்.

நான் பார்த்த கேப்டன்களில் எழுப்பியதற்காகத் திட்டியவர் யாரும் இல்லை. ஒருவர் மட்டும் ஃபோனில் முனகுவார். அவ்வளவுதான், வெறும் முனகல். ஆனால் அந்தக் கப்பலில் சில மாதங்களில் அழைப்புகள் குறைந்தன, இளம் அதிகாரிகள் தங்களுக்குள்ளேயே பேசி முடிவெடுக்க ஆரம்பித்தார்கள். மேலே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், உங்கள் முனகலும் ஓர் உத்தரவுதான்.

2017இல் இதன் விலை என்ன என்று ஊருக்கே தெரிந்தது. ஜூன் 17 பின்னிரவில் ஜப்பான் கரைக்கு அருகே ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற டெஸ்ட்ராயர் ஏசிஎக்ஸ் கிரிஸ்டல் என்ற சரக்குக் கப்பலோடு மோதி 7 மாலுமிகள் இறந்தார்கள். அருகே வந்த கப்பல்களைப் பற்றி டெக் ஆபீசர் கேப்டனுக்குச் சொல்லவே இல்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. இரண்டு மாதத்தில், ஆகஸ்ட் 21 அன்று, சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் ஆல்னிக் எம்சி என்ற டேங்கரோடு மோதி 10 பேர் போனார்கள். அங்கே கேப்டன் பிரிட்ஜிலேயே இருந்தார். தொடுதிரைக் கட்டுப்பாட்டில் ஸ்டியரிங் எந்த மேசையில் இருக்கிறது என்பதே குழப்பமாகிவிட்டது. நான் அப்போது இரண்டாவது கப்பலில் இருந்தேன். செய்தி வந்த அன்று வார்ட்ரூமில் யாரும் அந்த அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை.

காரணங்கள் அந்த இரவுகளுக்கு முன்பே தொடங்கியவை. 2003இல் புதிய அதிகாரிகளுக்கு நியூபோர்ட்டில் மாதக்கணக்கில் நடந்த வகுப்பை நிறுத்திவிட்டு, கையில் சிடிக்களைக் கொடுத்துக் கப்பலுக்கு அனுப்பினார்கள். சிக்கனம். 2012 வாக்கில்தான் சான் டியேகோவிலும் நார்ஃபோக்கிலும் வகுப்பு திரும்ப வந்தது. தூக்கம் இன்னொன்று. ஐந்து மணி நேரம் வாட்ச் என்ற காவல் பணி, பத்து மணி நேரம் இடைவெளி என்ற முறையில் பல கப்பல்கள் ஓடின. நாள் என்பது 24 மணி நேரம் என்பதால் தினமும் உங்கள் வாட்ச் நேரம் நகர்ந்துகொண்டே போகும், உடம்புக்கு எது இரவு என்றே தெரியாது. அந்தப் பத்து மணி நேரத்திலும் பகல் வேலை இருக்கும். வாரத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதாக மாலுமிகள் சொன்னதை அரசின் தணிக்கை அமைப்பே பதிவு செய்தது. விபத்துகளுக்குப் பிறகு தினமும் ஒரே நேரத்தில் வாட்ச் வரும் முறையைக் கட்டாயமாக்கினார்கள், பிரிட்ஜ் அதிகாரிகளுக்குக் கூடுதல் வகுப்பு வந்தது, கப்பல் ஓட்டிய நேரத்தை எழுத விமானிகளைப் போல லாக் புத்தகம் வந்தது. 17 உயிர் போன பிறகு.

இங்கே ஓர் இடைச்செருகல். 2007 ஜூலையில் சென்னைக்கு வெளியே நங்கூரமிட்ட நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பல் பலருக்கு நினைவிருக்கலாம். இடதுசாரிகள் எதிர்த்துப் போராட்டம்கூட நடத்தினார்கள். அந்தப் பெயருக்கு உரிய செஸ்டர் நிமிட்ஸ் இரண்டாம் உலகப்போரில் பசிபிக் படைக்குத் தலைமை தாங்கியவர். அவர் 23 வயதில், 1908இல், பிலிப்பைன்ஸில் டெகேட்டர் என்ற டெஸ்ட்ராயரைத் தரை தட்ட வைத்து கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ விசாரணையில் நின்றார். ஒரு கண்டனக் கடிதத்தோடு விட்டார்கள். இன்று அதே நடந்தால் அந்த இளைஞர் அடுத்த வருடம் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார் என்று அதிகாரிகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது வேடிக்கையாகப் படுவதில்லை. தண்டனை பயம் கூடினால் மறைக்கும் பழக்கமும் கூடும்.

பதவி உயர்வு பற்றிச் சுருக்கமாக. தொடக்கப் பதவி என்சைன், இரண்டு வருடத்தில் லெஃப்டினன்ட் ஜூனியர் கிரேட், நான்கு வருடத்தில் லெஃப்டினன்ட். இது வரை ஏறக்குறைய தானாக வரும். அடுத்தது லெஃப்டினன்ட் கமாண்டர், அங்கேதான் தேர்வுக் குழு. இரண்டு முறை தேர்வாகாவிட்டால் பொதுவாக வெளியே போக வேண்டியதுதான். 1980இல் வந்த சட்டம் அது. குழு உங்களைப் பார்க்காது, ஃபிட்னஸ் ரிப்போர்ட் என்ற பணி மதிப்பீட்டுத் தாளைத்தான் பார்க்கும். அதில் மிக உயர்ந்த பரிந்துரையை, ஒன்றாக மதிப்பிடப்படுகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்குமேல் கொடுக்க முடியாது. அந்தத் தாளுக்கான முதல் வரைவை நீங்களே எழுதித் தர வேண்டும் என்பது பலருக்கு அதிர்ச்சி. செய்த வேலையைத் தானே சொல்லிக்கொள்வதா என்று கூச்சப்படாதீர்கள். மாதக் கடைசியில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, என்ன செய்தோம், எத்தனை, எவ்வளவு மிச்சம் என்று எழுதி வையுங்கள். டென்னசியில் மில்லிங்டன் என்ற ஊரிலிருந்து உங்கள் அடுத்த பணியை ஒதுக்கும் டீட்டெய்லரிடமும் இதே கதைதான். எங்கே வேண்டுமானாலும் பரவாயில்லை சார் என்று சொன்னால், உண்மையிலேயே எங்கே வேண்டுமானாலும் அனுப்பிவிடுவார்.

பணம். 2025இல் புது என்சைனுக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் சுமார் 4,000 டாலர். வீட்டுப்படி, உணவுப்படி தனி. சாஃப்ட்வேர் வேலையோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் ஜிஐ பில் என்ற கல்வி உதவியைக் கணக்கில் சேர்க்க மறக்கிறார்கள். 36 மாதம் பணியாற்றினால் முழுப் பலன். அகாடமியிலும் ஆர்ஓடிசி உதவித்தொகையிலும் படித்தவர்களுக்கு, அதற்கு ஈடாகச் செய்ய வேண்டிய ஆண்டுகள் இதில் சேராது. என்னைப் போல நியூபோர்ட் வழியாக வந்தவர்களுக்கு முதல் நாளிலிருந்தே கணக்கு. நான் மேற்படிப்பு படித்தது அந்தக் காசில்தான். பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுக்க நினைத்தால் 6 ஆண்டு பணி முடிந்திருக்க வேண்டும், மேலும் 4 ஆண்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

இரண்டு கப்பல்களுக்கு அப்புறம் ஒரு பல்கலைக்கழக ஆர்ஓடிசியில் கடல்வழி கணிப்பு சொல்லிக்கொடுத்தேன். அடுத்த படி ஒரு துறைத் தலைவராகத் திரும்பக் கடலுக்குப் போவது. கணவருக்கு வேலை கிழக்குக் கரையில், எனக்குக் கைக்குழந்தை. போகவில்லை, ரிசர்வ் என்ற பகுதிநேரப் படைக்கு மாறிக்கொண்டேன். போயிருந்தால் இந்நேரம் ஒரு கப்பலுக்கு இரண்டாம் நிலையில் இருந்திருப்பேன் என்று தோன்றாத மாதமில்லை. ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளத் தோன்றியதில்லை.

வெளியே வருகிறவர்கள் செய்ய வேண்டியதில் முதலாவது, மருத்துவக் கோப்பின் முழு நகலையும் கையில் வாங்குவது. டர்பைன் சத்தத்தில் காதும், இரும்பு ஏணியில் முழங்காலும் போயிருக்கும், நமக்கு அது முப்பத்தைந்து வயதில்தான் தெரியும். விடுபடுவதற்கு 180 முதல் 90 நாட்களுக்கு முன் இழப்பீட்டு விண்ணப்பத்தைப் போட ஒரு வழி இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். கடைசியாக நம்மவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையை இந்திய அரசு கொடுப்பதில்லை. விசாதான், அந்தப் படிவத்திலும் ராணுவத்தில் இருந்தீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. சேருவதற்கு முன்பு எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. இப்போது பாளையங்கோட்டையில் சித்தி பொண்ணு கல்யாணம் என்றால், வீட்டில் எல்லாரும் டிக்கெட் விலை பார்க்கும்போது நான் விசா விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.